பொருள்வயிற் பிரிவும் மேசன் தொழிலும்: கல்முனைப் பிரதேச இலக்கியத்தில் ஓர் இடைவெளி

தொல்காப்பியத்து அகத்திணையியலில், பெண்ணை உடன்கொண்டு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று கூறும் சூத்திரம் ஒன்று உண்டு. இளம்பூரணர் அதனைக் கடற்செலவு பற்றியதாகவே கொண்டார். நச்சினார்க்கினியரோ அதன் முதற்சொல்லை வேறாகப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவையும் அது சுட்டுவதாக உரைத்தார். உரைகள் இரண்டும் வேறு வேறு வழியிற் சென்றாலும் சேருமிடம் ஒன்றுதான். பொருள் தேடிச் செல்பவன் தனித்தே செல்கிறான். தலைவி மனைக்கண் இருக்கிறாள். இச்சூத்திரம் அக்காலச் சமூக நடைமுறையைக் கூறுகின்றதா, செய்யுள் மரபை மட்டும் கூறுகின்றதா என்ற நெடிய விவாதத்தினுள் நாம் இங்குப் புகவேண்டியதில்லை. ஆயின், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் அம்பாறை மாவட்டத்து முஸ்லிம் ஊர்களிலிருந்து 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்குக்குச் சென்ற மேசன்மாரையும் ஓடாவிமாரையும் மனங்கொண்டு அச்சூத்திரத்தைப் படிக்கும்போது, அது ஏதோ ஒரு நாட்டின் குடிவரவுச் சட்டத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட வாசகம் போலவே தோன்றுகின்றது.

இத்தோற்றம் வெறும் வேடிக்கையன்று. பிரிவு பற்றிய நமது இலக்கிய மரபு எதனைப் பாடிற்று, எதனைப் பாடாது விட்டது என்ற வினாவை அது எழுப்புகின்றது. பாலைத்திணைக்குரிய செய்யுட்களை ஒருசேர வைத்துப் பார்ப்போர் ஓர் உண்மையைக் காண்பர். தலைவன் செல்லும் வழி அங்கு நுணுக்கமாகச் சொல்லப்படும். காய்ந்த மரம், நீரற்ற சுனை, வழிப்பறி செய்வோர், மொழி வேறுபட்ட தேயம் யாவும் உண்டு. வீட்டில் இருப்பவளின் மெலிவும் உண்டு. தோழியின் ஆற்றுவிப்பும் உண்டு. ஆனால் அத்தலைவன் சென்ற இடத்தில் என்ன வேலை செய்து பொருளீட்டினான் என்பது விரித்துரைக்கப்படுவதில்லை. அவன் போகிறான், பொருளோடு மீள்கிறான், இடையில் நடந்தது உழைப்பு. உழைப்பு மரபுக்குப் புறம்பாயிற்று. அகப்பாடலின் தலைவன் கூலிக்காரன் அல்லன் என்பது இதற்கு ஒரு காரணம். அடியோர், வினைவலர் முதலானோரைக் கைக்கிளை, பெருந்திணைகளுக்கு ஒதுக்கிய இலக்கணம் அது. கல்முனைப் பிரதேசத்து நவீன இலக்கியம் அவ்விலக்கணத்தை ஏற்றுக்கொண்ட இலக்கியமன்று. உழைப்பவனைப் பாட வேண்டும் என்ற கொள்கைப் பிரகடனத்துடனேயே அதன் ஒரு பெரும்பகுதி எழுந்தது. அவ்வாறிருந்தும் வெளிநாடு சென்ற கட்டடத் தொழிலாளி விடயத்தில் அது பழைய பாலையின் மௌனத்தையே தொடர்ந்திருக்கின்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதலில் நடைமுறையைச் சிறிது நோக்குவோம். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததன் பின்னர் வளைகுடா நாடுகளில் எழுந்த கட்டட வேலைகளும், 1977இல் இலங்கையில் மேற்கொள்ளப்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கையும் ஒரே திசையிற் செயற்பட்டன. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டபோது, அரசு ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்ட ஆற்றுக்குக் கரை கட்டியது எனலாம். அதே ஆண்டுகளில் கிழக்கில் போர் மூண்டது. வயலுக்குப் போய்வரும் வழி பாதுகாப்பற்றதாயிற்று. வயலும் கடலும் தறியும் தந்துவந்த பிழைப்பு சுருங்கச் சுருங்க, கையில் ஒரு தொழில் வைத்திருந்தவன் விமானம் ஏறினான்.

அத்தொழிலை அவன் எவ்வாறு கற்றான்? மூத்த மேசன் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, சாந்து குழைத்து, கல் சுமந்து, சில ஆண்டுகளின் பின் கரண்டி பிடித்து, தூக்குக்குண்டின் நூலைக் கண்ணால் அளக்கப் பழகி, ஒரு நாள் தானே மேசன் ஆனான். அவனிடம் சான்றிதழ் இல்லை. பிற்காலத்தில் தேசிய தொழிற்றகைமை முறை வந்து, முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. முதல் தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை. எனவே முகவர் நிலையத்தின் தொழிற்பரீட்சையில், ஊரில் எத்தனையோ வீடுகளை எழுப்பிய ஒருவன் அந்நியர் முன்னிலையில் ஒரு துண்டுச் சுவரைக் கட்டிக்காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. பரீட்சை முடிந்ததும் அச்சுவர் கலைக்கப்படும். குடியிருக்க யாருமற்ற, கலைக்கப்படுவதற்கென்றே கட்டப்படும் ஒரு சுவர். ஒரு சிறுகதை ஆசிரியனுக்கு இதைவிடச் செறிவான ஒரு காட்சி எளிதிற் கிடைக்குமா என்று தெரியவில்லை. அது எழுதப்பட்டதாக நாம் அறியோம்.

இனிக் குடும்பம். வேலைக்கெனச் சென்ற நாட்டிற்கு மனைவி மக்களையும் அழைத்துச் செல்லுதல் பட்டம் பெற்ற உத்தியோகத்தர்க்கு இயன்றது, மேசனுக்கு இயலவில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடினும் அவற்றின் உட்கிடை ஒன்றே. ஐக்கிய அரபு எமிரேட்சில் முன்னர் தொழிற்பெயரும் பார்க்கப்பட்டது. 2019இல் வருமானமே அளவுகோலாக்கப்பட்டபோது மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் பெறுபவரே குடும்பத்தை அழைக்கலாம் என்றாயிற்று. சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல் உடனுறையும் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலாயிற்று. கட்டாரில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். உணவும் உறைவிடமும் தொழில்தருநர் கொடாதவிடத்து முறையே 300, 500 ரியால் மேலதிகமாகச் சேரும். அதனைத் தீர்மானித்தவர்களின் கணக்கில் தொழிலாளி என்பவன் ஓர் ஆள், ஒரு வயிறு, ஒரு கட்டில். பெண்ணுடன் கடல் கடத்தல் இல்லை என்பதை இலக்கண ஆசிரியர் ஒரு வரியில் முடித்தார். இந்நாடுகள் அதனையே சம்பளப் பட்டியலாக எழுதின.

ஆனால் சட்டத்தை மட்டும் காரணமாக்கினால் கிழக்கிலங்கையின் தனித்தன்மையைத் தவறவிட்டு விடுவோம். இங்குத்தான் விடயம் சிக்கலாகின்றது. அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பேணி வந்தோர். மகளுக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்விப்பர். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அடுத்த மகளுக்கு மணம் கூடும்போது பெற்றோர் வேறொரு வீட்டை எழுப்புவர், அல்லது வளவுக்குள்ளேயே ஒதுங்கிச் சிறு குடிலிற் குடிபுகுவர். 1969இல் தொடங்கி அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். இதன் விளைவுகளை நமது விமர்சகர்கள் போதுமான அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. இம்முறையில் பெண் நிலைத்திருப்பவள், ஆணே இடம்பெயர்பவன். திருமண நாளிலேயே அவன் ஒருமுறை புலம்பெயர்ந்து விடுகிறான். உம்மாவும் ராத்தாமாரும் சூழத் தன் பெயரிலுள்ள வீட்டில் வாழும் மனைவியைப் பாலைவன நகரொன்றின் ஓரறைக்கு அழைத்துச் செல்லுதல், விசா கிடைத்தாலும், அவளது உரிமையையும் துணையையும் ஒருசேரக் குறைப்பதாகவே முடியும். ஆகவே குடும்பம் ஊரில் தங்கியமைக்குப் பிறநாட்டுச் சட்டம் பாதிக் காரணம் என்றால், நம்மவரின் வீடு மீதிக் காரணம். தலைவி மனைக்கண் இருத்தல் என்ற பழைய தொடரில் ‘மனை’ யாருடையது என்று கேட்டுப் பார்த்தால், இக்கரையோரத்தில் கிடைக்கும் விடை ஏனைய தமிழ்ப் பிரதேசங்களில் கிடைக்கும் விடையிலிருந்து வேறுபடும்.

வீடே சீதனமாகும் சமூகத்தில் மேசனுக்கு வேலை குறையாது என்று எண்ணத் தோன்றும். ஒரு பெண் பிறந்தால் ஒரு வீடு என்பது கணக்கு. மண்ணும் கிடுகும் போதுமாயிருந்த காலத்தில் அக்கணக்கு உழைப்பால் நிறைவேறியது. கல்வீடும் சீமெந்துத் தரையும் மதிப்பின் அளவுகோலான பின்னர் அதனைப் பணமே நிறைவேற்ற முடிந்தது. பிறர் மகள்மாருக்கு வீடு கட்டிக் கூலி பெறும் மேசன், தன் மகளுக்கும் தன் சகோதரிக்கும் வீடு கட்ட அக்கூலி போதாமையினாலேயே கடல் கடந்தான். அங்கு அவன் அந்நியர்க்கு மாடி எழுப்பினான். இங்கு அவன் அனுப்பிய பணத்தில் வேறொரு மேசன் அவனுடைய மகளின் வீட்டை எழுப்பினான். தொழிலறிந்தவன் தன் வீட்டுச் சுவரைத் தன் கையால் தொடவில்லை. அத்திவாரம் எத்தனை அடி, சீமெந்து எத்தனை மூடை, நிலைக்கு எந்த மரம் என்பவற்றைக் கடிதத்திலும், ஒலிநாடாவிலும், பின்னர் தொலைபேசியிலும் அவன் கேட்டறிந்தான். சாந்தில் மணல் மிகுந்துவிட்டதை நேரிற் கண்டிருந்தால் ஒரு பார்வையிலேயே சொல்லியிருப்பான். அதனைக் காண்பதற்கு அவன் அங்கில்லை. மார்க்சிய விமர்சனம் அந்நியமாதல் என்று பல பக்கங்களில் விளக்கும் கருத்தை இந்த ஒரு நிலைமை சொல்லிவிடுகின்றது.

இதனை இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது? நாட்டார் மரபிலிருந்து தொடங்குவது பொருந்தும். கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் வாய்மொழிக் கவிகளில் பிரிவு முக்கியமான பொருள். அங்குக் கணவனோ காதலனோ வயற்காவலுக்கும் தொலைவட்டைக்கும் போகிறான். பிரிவின் நீளத்தை வேளாண்மைப் போகம் அளந்து கொடுக்கின்றது. அவன் செய்யும் வேலையைப் பாடுபவள் அறிவாள். பரண் எத்தகையது, யானை எப்போது வரும், சூடு மிதிப்பது எவ்வாறு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆகவே அக்கவிகளில் ஏக்கத்தோடு வேலையும் சேர்ந்தே வருகின்றது. செவ்வியல் பாலையில் இல்லாத ஒன்று வாய்மொழிக் கவியில் இருக்கின்றது என்பது நமது கவனத்துக்குரியது. கணவன் றியாத்துக்கும் தோஹாவுக்கும் சென்றபோது இச்சேர்க்கை முறிந்தது. அவன் ஏறி நிற்கும் சாரத்தின் உயரம் அவளுக்குத் தெரியாது, அவனும் எழுதுவதில்லை. எழுதினால் வீட்டார் கலங்குவர் என்பது ஒன்று. எழுதத் தகுந்த விடயமாக அவனே அதனைக் கருதவில்லை என்பது மற்றொன்று.

எழுத்திலக்கியத்துக்கு வருவோம். கல்முனைப் பிரதேசம் ஈழத்துத் தமிழிலக்கியத்திற்கு வழங்கிய கொடை சிறிதன்று. நீலாவணன், எம். ஏ. நுஃமான், சண்முகம் சிவலிங்கம், மருதூர்க்கொத்தன் எனத் தொடங்கும் வரிசை சோலைக்கிளி, உமா வரதராஜன் என நீள்கின்றது. நுஃமானின் ‘தாத்தாமாரும் பேரர்களும்’ 1977இல் வெளிவந்தது. நிலமும் அதனோடு பிணைந்த உறவுகளும் அவர் கவிதையின் முக்கிய அக்கறைகளாக இருந்தன. தீரன் ஆர். எம். நௌஷாத்தின் ‘நட்டுமை’ 2009இல் வந்த நாவல். அதன் உலகமும் வயலே. சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ (1988), ‘காகம் கலைத்த கனவு’ (1991) ஆகியவற்றிலே போர்ச்சூழலின் அச்சமும் இழப்பும் உருவகங்களாய் வெடிக்கின்றன. வயல், கடல், தறி, போர். இவை ஒவ்வொன்றுக்கும் இப்பிரதேசம் தன் சொற்களைக் கண்டெடுத்தது. கட்டட வேலைத்தலம் மட்டும் சொல்லின்றிக் கிடக்கின்றது. மருதூர்க்கொத்தன் என்பது மருதமுனை வீ. எம். இஸ்மாயிலின் புனைபெயர். கொத்தன் என்ற சொல்லுக்குக் கட்டுவேலை செய்பவன் என்பது அகராதிப் பொருள். கொத்தன் நமது இலக்கிய வரலாற்றில் இடம்பெற்று விட்டான், ஊரார் வாயில் வழங்கும் மேசன் இன்னும் இடம்பெறவில்லை என்று விளையாட்டாகச் சொல்லத் தோன்றுகின்றது.

இங்கு ஒரு முரண் சுட்டற்பாலது. மேசன்மார் அரபு நாடுகளுக்குப் பெருகிச் சென்ற அதே காலத்தில், 1981இல், நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வெளிவந்தது. அம்மொழிபெயர்ப்பு நமது கவிதையின் போக்கையே பாதித்த ஒன்று. அதன் சிறப்பை யாரும் மறுக்கார். அரபு நிலம் இவ்வாறு இரு வாயில்கள் வழியே ஒரே ஊருக்குள் வந்தது: ஒன்று, நிலம் பறிகொடுத்தோரின் கவிதையாக, மற்றொன்று, நம்மவர் உழைக்கச் சென்ற வேலைத்தலமாக. முதலாவது வாயிலைத் திறந்து வைத்த வாசகர், இரண்டாவது வாயில் வழியே வந்து போனவர் தம் அயல்வீட்டாராயிருந்தும் அவரிடம் கதை கேட்கவில்லை. எழுத்தாளர் பலர் ஆசிரியத் தொழில் செய்தோர் என்பது இதற்கு ஒருவகையில் விளக்கமாகலாம். மேசன் விடுமுறையில் வந்தபோது பெட்டியும் வாசனைத் திரவியமும் வானொலிப்பெட்டியும் கொண்டுவந்தான். அவற்றைக் கண்டு கேலி செய்வதும், ‘வெளிநாட்டுக் காசு’ ஊரின் பழக்கங்களைக் கெடுத்ததென்று கவலைப்படுவதும் எளிதாயிருந்தன. அவன் கையில் சீமெந்து தின்ற தோலைப் பார்ப்பதற்கு வேறொரு கண் தேவைப்பட்டது.

வளைகுடாத் தொழில் நமது கவிதைக்குள் பலமாக நுழைந்த ஒரு தருணம் உண்டு. மூதூரைச் சேர்ந்த பணிப்பெண் ரிசானா நபீக் 2013 ஜனவரி 9ஆம் நாள் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்குள்ளானபோது பல கவிதைகள் எழுந்தன. எழுந்திருக்கவே வேண்டும். ஆனால் ஒரு தொழிலாளியின் வாழ்வு கவிதைக்குரியதாவதற்கு அவள் கொல்லப்பட வேண்டியிருந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. மரணம் நிகழ்ச்சி; வேலை நாளாந்தம். நமது கவிதை நிகழ்ச்சிகளுக்குத் துடிக்கின்றது; நாளாந்தத்தைக் கடந்து போகின்றது.

அயல்மொழியாகிய மலையாளத்தோடு ஒப்பிடுவது பயனுடையது. 1970களின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் இயற்றிப் பாடிய துபாய்க் கத்துப்பாட்டு, கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்து கேரள முஸ்லிம்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. அதுவும் பிரிவாற்றாமையே, எனினும் அப்பிரிவு குறிப்பான ஒரு காலத்துக்கும் இடத்துக்கும் உரியது என்பதை அது மறைக்கவில்லை. 2008இல் வந்த பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ வேலைத்தலத்தினுள்ளேயே புகுந்தது. கட்டட நிறுவனத்தில் வேலை என நம்பிப் போனவன் பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அகப்படுவதே அதன் கதை. அங்குங்கூடக் கட்டட வேலை ஒரு கனவாக, கிடைக்காத நல்வாய்ப்பாகவே நிற்கின்றது என்பதைக் கவனிக்கலாம். கிடைத்தவனின் கதை வேறு.

நமது மொழியிலேயே, 1983இன் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்ற ஈழத்தவரின் எழுத்து உழைப்பைப் பேசியது. உணவகத்தின் பின்கட்டு, பாத்திரம் கழுவும் தொட்டி, இரவுநேரத் தொழிற்சாலை என்பன அவ்வெழுத்தின் வழமையான களங்கள். எழுதியோர் பலர் அவ்வேலைகளைத் தாமே செய்தோர். அவர்கள் குடும்பத்தை அழைத்தார்கள், அல்லது அங்கே குடும்பமானார்கள். வாடகையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் அந்நாட்டு மொழியும் கதைப்பொருளாயின. தொழிலறிந்தவன் உரிமப்பத்திரம் இன்மையால் மீண்டும் கையாளாகத் தொடங்கும் அவமானமும் அவ்வுலகுக்குரியதே. இவ்வெழுத்துக்கு நாம் புலம்பெயர் இலக்கியம் எனப் பெயரிட்டோம். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்தவனுக்கு அப்பெயர் வழங்கப்படுவதில்லை. அவன் திரும்பி வருபவன் என்பதே காரணம். இரண்டாண்டு ஒப்பந்தம், விடுமுறை, மீண்டும் ஒப்பந்தம் எனக் கழிந்த வாழ்வைப் புலம்பெயர்வு எனக் கொள்ளாத ஒரு கலைச்சொல், நிரந்தர வதிவிடம் பெற்றவரை மட்டுமே அகதி எழுத்தாளராக ஏற்கின்றது. குடியுரிமைச் சட்டம் செய்த பாகுபாட்டை விமர்சனமும் அறியாமலே செய்திருக்கின்றது.

இலக்கியம் தொழில் அறிக்கையன்று என்ற மறுப்பு இங்கு எழலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. சாந்தின் கலவை விகிதத்தை எழுதிவிட்டால் கதை ஆகிவிடாது. ஆனால் வேலையை நீக்கிவிட்ட பிரிவு வெறும் ஏக்கமாகச் சுருங்கி, எல்லாருடைய ஏக்கமும் ஒன்று போலாகிவிடுகின்றது. தொல்காப்பியர் பாலைக்குப் பொழுது வகுத்தபோது நண்பகலையும் வேனிலையும் கூறினார். ஐக்கிய அரபு எமிரேட்சில் ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை, நண்பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை திறந்தவெளி வேலை சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. பாலையின் பெரும்பொழுதும் சிறுபொழுதும் மணிக்கணக்கோடு ஒரு தொழிற்சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. அந்த இரண்டரை மணி நேரத்தில் நிழலில் ஒதுங்கிக் கிடக்கும் சாய்ந்தமருது மேசன் என்ன நினைக்கிறான் என்பதை அறிய ஏக்கம் மட்டும் போதாது. சட்டமும் கூலியும் வெயிலும் தெரிய வேண்டும்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அதன்பின் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பங்கீடு பற்றிய வழக்கினால் அவ்வீடுகள் பல ஆண்டுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. அரபு நாட்டில் வீடு கட்டிய கைகளின் ஊரில், அரபுப் பணத்தால் எழுந்த வீடுகள் குடிபுக முடியாதவையாய் நின்றன. தலைவன் பொருளோடு மீளும் செவ்வியல் முடிவை இதனோடு ஒப்பிட்டு எழுத ஒரு கவிஞன் முன்வந்திருக்கலாம். பத்திரிகைச் செய்திகளும் கோரிக்கைகளுமே நமக்குக் கிடைத்தன.

மூலங்கள் இல்லாமற் போகவில்லை. இக்காமா, கபீல் முதலிய சொற்கள் இக்கரையோரத்தின் வீட்டுப் பேச்சில் இயல்பாக வழங்குகின்றன. வதிவிட அனுமதி, பொறுப்பாளர் எனத் தமிழாக்கினால் அவற்றின் அச்சம் போய்விடும். 1980களின் வான்கடிதங்களும் ஒலிநாடாக்களும் இன்னும் பல வீட்டுப் பெட்டகங்களில் இருக்கக்கூடும். நாடாக்கள் ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன; கடல்கோளுக்குத் தப்பியவை ஆண்டுதோறும் மாரியில் நனைகின்றன. கடிதங்களின் முற்பகுதியில் சலாமும் சுகநலமும் இருக்கும். ஆய்வாளர் படிக்க வேண்டியது பின்பக்கத்தை. கூரை மட்டம் வரை எழும்பிவிட்ட சுவருக்கு இன்னும் எத்தனை கல் வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.